செப்பேடும் திறன்பேசியும்

உரைநடைப் பாடம்

நுழையும்முன்

ஒரு பாடலைக் கேட்பதற்கு இன்று திறன்பேசி ஒன்றே போதும். கேட்கும் அந்தப் பாடல் நம்மிடம் இருக்கிறதா? நாளையும் அது நமக்குக் கிடைக்குமா? திருமலையில் நானூறு ஆண்டுகள் காத்திருந்த செப்பேடுகளின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தேட உதவும்.

பெட்டிக்குள் இருக்கும் பாட்டு

பணியின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுதல் ஆணை வரும். வீட்டுப் பொருள்கள் பெட்டிகளில் அடைபடும். அப்போது ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் வீட்டில் பேச்சு எழும். அதில் பழைய ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் இருக்கும். ஒலிநாடாவை இயக்கும் கருவி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். புதிய மடிக்கணினிகளிலோ குறுந்தகட்டைச் செருகும் இடமே இருப்பதில்லை.

"எல்லாப் பாட்டும் திறன்பேசியிலேயே கிடைக்கின்றனவே! இந்தச் சுமை எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பர். "இருக்கட்டும்" என்று பாட்டி ஒரே சொல்லில் மறுமொழி கூறுவார்.

இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. அதை அறிய, திருப்பதியிலிருந்து மலைமேல் ஏறிச் செல்ல வேண்டும்.

மலைமேல் ஒரு சிறிய அறை

வேங்கட மலை தமிழருக்குப் புதியதன்று. தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் அதனைக் குறிக்கிறது. ஆழ்வார்கள் அம்மலையைத் தமிழில் பாடினர். அதே மலையைத் தெலுங்கிலும் வடமொழியிலும் பாடியவர் தாளபாக்கம் அன்னமாச்சாரியார். இவர் 1408ஆம் ஆண்டு முதல் 1503ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர்; கடப்பைப் பகுதியிலுள்ள தாளபாக்கம் என்னும் ஊரில் பிறந்தவர். இவர் தம் வாழ்நாளில் 32,000 பாடல்களை இயற்றினார் என்பது மரபுவழிச் செய்தி.

அக்காலத்தில் நூல்களைப் பனையோலையில் எழுதுவதே வழக்கம். ஓலையைச் செல் அரிக்கும், ஈரம் கெடுக்கும். பழைய ஓலை நைந்துபோகும் முன் புதிய ஓலையில் படி எடுக்க வேண்டும். படி எடுப்பார் இல்லையேல் நூல் மறைந்துவிடும். அன்னமாச்சாரியாரின் மகன் பெத்த திருமலாச்சாரியாரும் அவர் வழியினரும் இதனை அறிந்திருந்தனர். எனவே பாடல்களைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தனர். அவ்வேடுகள் திருமலைக் கோயிலின் உள்ளே, உண்டியலுக்கு எதிரிலுள்ள ஒரு சிறிய அறையில் வைக்கப்பட்டன. அவ்வறைக்குச் 'சங்கீர்த்தன பண்டாரம்' என்று பெயர்.

காலம் செல்லச் செல்ல அப்பாடல்களைப் பாடுவோர் குறைந்தனர். அறைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் மக்கள் மறந்தனர். 1922ஆம் ஆண்டளவில் அச்செப்பேடுகள் மீண்டும் வெளியுலகின் கவனத்திற்கு வந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள் கிடைத்தன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி முதலிய அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பாடல்களை அச்சேற்ற உழைத்தனர். இன்று கிடைப்பவை 12,000க்கும் மேற்பட்ட பாடல்கள். மரபு கூறும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பாதிக்கும் மேற்பட்டவை கிடைக்கவில்லை.

கிடைத்த பாடல்களிலும் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு பாடலுக்கும் உரிய இராகத்தின் பெயர் செப்பேட்டில் இருந்தது. அதைப் பாடும் முறை பெரும்பாலும் சுரக்குறிப்பாகப் பொறிக்கப்படவில்லை. சொல் பிழைத்தது, இராகத்தின் பெயர் பிழைத்தது, பழைய மெட்டு மறைந்தது. எனவே ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற இசையறிஞர்கள் பல பாடல்களுக்குப் புதிதாக இசை அமைத்தனர்.

இவ்வரலாறு இரண்டு செய்திகளைக் கற்பிக்கிறது. பாடலைத் தாங்கும் பொருள் ஒன்று இருந்தமையால், நெடுங்காலம் பெரிதும் கவனிக்கப்படாதிருந்தபோதும் அது மீண்டும் கிடைத்தது. ஆயினும், பாடுவாரும் கேட்பாரும் அற்ற காலத்தில் மெட்டு தங்கவில்லை. பொருளைப் பேணுவதும் அதனைப் பயன்படுத்துவதும் ஆகிய இரண்டும் வேண்டும்.

செம்பிலிருந்து இசைத்தட்டுக்கு

ஒலியையே பதிந்து வைக்கும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய வீடுகளுக்குள் இசைத்தட்டு நுழைந்தது. அரக்குக் கலந்து செய்த அத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மிகுதியாகவே பாட முடியும். கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

அரை மணி நேரம் விரித்துப் பாடக்கூடிய கீர்த்தனையை அச்சில நிமிடங்களுக்குள் சுருக்கிப் பாடுவது தனித்திறன். அதில் புகழ்பெற்றவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. இவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் மாணவர். மதுரை சோமுவின் ஆசிரியர். 1954ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் 'சங்கீத கலாநிதி' விருதைப் பெற்றவர். 'மதுர நகரிலோ' எனத் தொடங்கும் பாடலை இவர் பாடிய இசைத்தட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. சித்தூரின் பெயரைத் தாங்கிய அக்குரலை இன்றும் கேட்க முடிகிறது. அரக்குத் தட்டுகளை உடையாமல் காத்து வைத்தவர்களுக்கே அந்நன்றி உரியது.

1948ஆம் ஆண்டு நெடுநேர இசைத்தட்டு அறிமுகமாயிற்று. அதன் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கும் மேல் பதிய முடிந்தது. 1963ஆம் ஆண்டு ஒலிநாடாப் பேழையும் 1982ஆம் ஆண்டு குறுந்தகடும் வந்தன.

திருமலைச் செப்பேடுகளின் பாடல்கள் இவ்வழியிலேயே உலகெங்கும் பரவின. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியிடம் அன்னமாச்சாரியாரின் பாடல்களைக் கற்றார். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் 1979–80ஆம் ஆண்டுகளில் 'பாலாஜி பஞ்சரத்னமாலா' என்னும் தலைப்பில் ஐந்து நெடுநேர இசைத்தட்டுகள் உருவாயின. அவர் பாடிய அப்பாடல்கள் பின்னர் ஒலிநாடாவுக்கும் குறுந்தகட்டுக்கும் மாறின. இன்று திறன்பேசியில் ஒலிக்கின்றன. செம்பில் பொறித்த சொல், அச்சு நூலாகி, குரலாகி, தட்டாகி, நாடாவாகி, இன்று கண்ணுக்குத் தெரியாத வடிவில் வருகிறது.

உரிமையும் அனுமதியும்

இணையத்தின் வழியே பாடலோ படமோ ஓடைநீர்போல் தொடர்ந்து வந்துகொண்டிருக்க, அதனை அவ்வப்போதே கேட்டும் கண்டும் மகிழும் முறைக்கு 'ஸ்ட்ரீமிங்' என்று பெயர். இதில் பெறுவது அனுமதி மட்டுமே. மாதக் கட்டணம் செலுத்தும் வரை கேட்கலாம்; நிறுத்தினால் கதவு அடைபடும்.

சொந்த மிதிவண்டிக்கும் பேருந்துப் பயண அட்டைக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம். பயண அட்டை வைத்திருப்பவர் நகரெங்கும் செல்லலாம். மிதிவண்டியில் அவ்வளவு தொலைவு செல்ல இயலாது. ஆனால் பேருந்தின் வழித்தடத்தை முடிவு செய்பவர் பயணி அல்லர். மிதிவண்டியைத் தம்பிக்குக் கொடுக்கலாம். நண்பனுக்கு இரவல் தரலாம்.

குறுந்தகடும் அத்தகையதே. அதனை இரவல் தரலாம், பரிசளிக்கலாம், பேரப்பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். எனினும் தகட்டை வாங்கியவர் தகட்டுக்கு மட்டுமே உரியவர். பாடலுக்கு உரியவர் அல்லர். இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைத்தோரின் உரிமையைக் காக்கிறது. பாடலைப் பெருமளவில் படி எடுத்து விற்பது குற்றம். உழைத்துப் படைத்தவருக்கு ஊதியம் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அனுமதி எவ்வளவு மெல்லியது என்பதை 2009ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. அமேசான் நிறுவனத்தின் 'கிண்டில்' என்னும் மின்னூல் கருவியில் சிலர் ஜார்ஜ் ஆர்வெலின் '1984' என்னும் புதினத்தை விலைகொடுத்து வாங்கியிருந்தனர். அம்மின்பதிப்பை விற்றவருக்கு அதற்குரிய உரிமை இல்லை என்று தெரியவந்ததும், நிறுவனம் அந்நூலை வாங்கியோரின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் பாடக்குறிப்புகளை அந்நூலோடு சேர்த்து எழுதி வைத்திருந்த ஒரு பள்ளி மாணவருக்கு அக்குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் தன் செயல் தவறு என ஒப்பி வருத்தம் தெரிவித்தது. கடையில் வாங்கிய அச்சுநூலை, கடைக்காரர் இரவில் வீட்டுக்குள் வந்து எடுத்துச் செல்ல முடியாது. மின்னூலை எடுத்துச் செல்ல முடிந்தது.

2019ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோதும், வாங்கியோரின் நூல்கள் மறைந்தன. பணம் மட்டும் திரும்பியது. இத்தகைய நிலையை மக்கள் முன்கூட்டியே அறிய வேண்டும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. விற்கப்படுவது பொருளன்று, அனுமதியே என்பதை மின்வடிவில் விற்போர் தெளிவாகக் கூற வேண்டும் என்கிறது அச்சட்டம். அது 2025ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஓடையின் நன்மை

இவற்றைக் கொண்டு புதிய முறை தீயது என முடிவு செய்தல் கூடாது. முன்பு தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த குடும்பம் ஒரு தமிழ்ப் பாடலுக்காக விடுமுறையில் ஊர் செல்லும் வரை காத்திருந்தது. திரும்பும்போது பையில் நான்கு ஒலிநாடாக்கள் வந்தால் அதுவே பெருஞ்செல்வம். இன்று சித்தூரில் இருக்கும் சிறுமி, விரும்பிய பாடலைச் சில நொடிகளில் கேட்கிறாள். தட்டு வாங்கப் பொருளில்லாதவரும் கேட்கின்றனர். நானூறு ஆண்டுகள் ஓர் அறைக்குள் இருந்த பாடல் இன்று உலகம் முழுவதும் ஒலிக்கிறது.

ஆனால் ஓடையில் எல்லாம் வருவதில்லை. 1931ஆம் ஆண்டு வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம். அதில் தமிழோடு தெலுங்கும் ஒலித்தது. அப்படத்தின் சுருள் இன்று கிடைக்கவில்லை. எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் எந்தச் சேவையும் அதனைக் காட்ட இயலாது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு பொருளைக் காத்திருந்தால்தான் ஓடைக்கு நீர் உண்டு.

வீட்டின் செப்பேடு

இப்போது பாட்டியின் பெட்டிக்குத் திரும்பலாம். அதிலுள்ள திரைப்பாடல் நாடாக்களுள் பல இணையத்தில் கிடைக்கக்கூடும். ஆனால் அவற்றின் நடுவே, மேலுறையில் பேனாவால் எழுதிய நாடா ஒன்று இருக்கக்கூடும். அதில் தாத்தா பேசியிருக்கலாம். அத்தை தாலாட்டுப் பாடியிருக்கலாம். ஊர்த் திருவிழாவில் ஒலித்த நாகசுரம் பதிவாகியிருக்கலாம். உலகில் அதற்கு வேறு படி இல்லை. எந்த நிறுவனமும் அதனை விற்கவில்லை. எனவே எந்தச் சேவையிலும் அது வராது. ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வளரும் பிள்ளைக்குத் தன் குடும்பத்தின் பேச்சுத் தமிழ் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் சான்று அதுவாகவே இருக்கலாம்.

அந்நாடா செம்பினால் ஆனதன்று. வெப்பமும் ஈரமும் அதனைக் கெடுக்கும், பூஞ்சை படரும், நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தத்தின் அருகில் வைத்தால் பதிவு அழியும். ஆகவே அது இயங்கும் நிலையில் இருக்கும்போதே ஒலிக்கோப்பாக மாற்ற வேண்டும். இயங்கும் நிலையிலுள்ள ஒலிநாடாக் கருவியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, நாடா ஓடும்போதே பதிவு செய்துகொள்ளலாம்.

பதிந்த கோப்பை ஒரே இடத்தில் வைத்தல் போதாது. கணினியில் ஒன்று, தனி நினைவகத்தில் ஒன்று, ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று படிகள் இருத்தல் நலம். யாருடைய குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும். பெயரெழுதாத குரல் ஒரு தலைமுறைக்குப் பின் யாருடையது என்றே தெரியாமல் போகும்.

அன்னமாச்சாரியாரின் வழியினர் செம்பைக் கொண்டு செய்ததை இன்று ஒரு பள்ளிப் பிள்ளை கணினியைக் கொண்டு செய்ய முடியும். அடுத்த மாறுதல் ஆணை வருமுன் அப்பெட்டியைத் திறந்து பார்ப்பது அதன் முதற்படி.

சொல்லும் பொருளும்

செப்பேடு – செம்புத் தகட்டில் எழுத்துப் பொறித்த ஏடு
செல் – கறையான்
பண்டாரம் – கருவூலம், பொருள் வைக்கும் அறை
அரக்கு – சில மரங்களில் வாழும் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசின்
பேழை – சிறு பெட்டி
படி – பார்த்து எடுத்த நகல்

இலக்கணக் குறிப்பு

வாழ்நாள் – வினைத்தொகை
பொறித்த சொல் – பெயரெச்சம்
கேட்டும் கண்டும் – எண்ணும்மை
செல்லச் செல்ல – அடுக்குத்தொடர்

பிரித்து எழுதுக

செப்பேடு = செப்பு + ஏடு
பனையோலை = பனை + ஓலை
இசைத்தட்டு = ______ + ______
குறுந்தகடு = ______ + ______

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக ____________ பாயிரம் வேங்கடத்தைக் குறிக்கிறது.
2. திருமலைக் கோயிலில் செப்பேடுகள் இருந்த அறையின் பெயர் ____________.
3. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 'சங்கீத கலாநிதி' விருது பெற்ற ஆண்டு ____________.
4. தமிழின் முதல் பேசும் படம் ____________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பாடல்களை ஓலையில் எழுதாமல் செம்பில் பொறித்தது ஏன்?
2. செப்பேட்டில் எவை பிழைத்தன? எது மறைந்தது?
3. குறுந்தகட்டை வாங்கியவர் எதற்கு உரியவர்? எதற்கு உரியவர் அல்லர்?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. மிதிவண்டி, பயண அட்டை ஆகியவற்றைக் கொண்டு உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. 2009ஆம் ஆண்டு மின்னூல் நீக்கப்பட்ட நிகழ்ச்சியில் நிறுவனம் செய்தது சரியா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. சிந்தித்து எழுதுக.

"எல்லாப் பாட்டும் திறன்பேசியிலேயே கிடைக்கின்றனவே! இந்தச் சுமை எதற்கு?" என்று கேட்கும் பிள்ளைக்கும் பாட்டிக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்துத் தொடர்களில் எழுதுக. இருவரும் தத்தம் பக்கத்துக்கு உரிய காரணங்களைக் கூறுதல் வேண்டும்.

உ. செயல்திட்டம்

உங்கள் வீட்டிலுள்ள இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு, பழைய பாட்டுப் புத்தகம் ஆகியவற்றைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றும் எந்த ஊரில், யாரால் வாங்கப்பட்டது அல்லது பதிவு செய்யப்பட்டது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதுக. அவற்றுள் வேறெங்கும் கிடைக்காதது எது என்பதைக் கண்டறிந்து, அதனைக் காக்க நீங்கள் செய்யப்போவதை வகுப்பில் கூறுக. இத்தகைய பொருள்கள் வீட்டில் இல்லையெனில், பாட்டி அல்லது தாத்தா கூறும் ஒரு கதையையோ பாட்டையோ பதிவு செய்து, பெயர், ஊர், நாள் குறித்து வைக்க.